‘ஏன் அனுப்பினாய்?’: ஒரு கேள்வியின் ஐம்பது ஆண்டுகள்

“அந்தப் படத்தை நீ ஏன் அவனுக்கு அனுப்பினாய்?”

காதலித்தவனே படத்தை வைத்து மிரட்டுகிறான் என்று புகார் கொடுக்க வரும் பெண்ணிடம் காவல் நிலையத்தில் முதலில் கேட்கப்படுவது இதுதான். கல்லூரியின் புகார்க் குழுவும் இதையே கேட்கிறது. வீட்டில் அம்மா அழுதுகொண்டே கேட்கிறார். நம் இயக்கத் தோழர்களும், கொஞ்சம் நாசூக்காக, கேட்கத்தான் செய்கிறார்கள். அவன் ஏன் பரப்பினான் என்பது இரண்டாவது கேள்வி. பல சமயம் அந்த இரண்டாவது கேள்வி வருவதே இல்லை.

இது ஸ்மார்ட்ஃபோனோடு பிறந்த சிக்கல், ‘இந்தக் காலத்துப் பிள்ளைகள்’ செய்துகொள்வது என்று பேசுகிறவர்கள் அதிகம். கருவி புதிதுதான். கேள்வி பழையது. நீதிமன்றப் பதிவுகளில் மட்டும் அதற்கு ஐம்பது வயதுக்கு மேல் ஆகிறது.

1972 மார்ச் 26. மகாராஷ்டிராவின் சந்திரபூர் மாவட்டம், தேசாய்கஞ்ச் காவல் நிலையம். மதுரா என்று நாம் அறிந்திருக்கும் பழங்குடிப் பெண்ணுக்கு அப்போது வயது 14 முதல் 16க்குள். பெற்றோர் இல்லை, கூலி வேலை. வேலைக்குப் போன வீட்டில் பழக்கமான அசோக் என்ற இளைஞரோடு காதல். திருமணம் செய்துகொள்வதாக முடிவு. இது பிடிக்காத அண்ணன், தங்கையைக் கடத்திவிட்டார்கள் என்று புகார் கொடுக்கிறார். அந்த விசாரணைக்காகத்தான் மதுரா அன்றிரவு நிலையத்துக்கு வந்தார். வாக்குமூலம் முடிந்து மற்றவர்களை வெளியே அனுப்பிவிட்டு, இரண்டு காவலர்கள் அவரை நிறுத்திவைத்தார்கள். ஒருவர் வல்லுறவு செய்தார், மற்றவர் பாலியல் ரீதியாகத் துன்புறுத்தினார் என்பது வழக்கு.

செஷன்ஸ் நீதிமன்றம் மதுராவைப் பொய்க்காரி என்றது. ஏற்கெனவே உடலுறவுக்குப் பழகியவர் என்றது. வெளியே காத்திருந்த கூட்டத்தில் காதலர் இருந்ததால், அவர் முன் தன்னை நல்லவளாகக் காட்டிக்கொள்ளவே வல்லுறவு என்று சொன்னார் என்றும் எழுதியது. உயர் நீதிமன்றம் தண்டித்தது. 1978இல் உச்ச நீதிமன்றம் காவலர்களை விடுவித்தது: உடலில் காயம் இல்லை, எனவே அவர் எதிர்க்கவில்லை.

கவனியுங்கள். ஒருவரைக் காதலித்தார் என்பது, வேறு இருவர் செய்த குற்றத்துக்கு இசைவுச் சான்றாக மாறுகிறது. அசோக்குக்குச் சொன்ன ‘சரி’ கான்ஸ்டபிளுக்கும் சேர்த்து எழுதப்பட்டுவிட்டது. ‘படத்தை நீயேதானே அனுப்பினாய்’ என்று இன்று சொல்லும்போது வேலை செய்வதும் இதே கணக்குதான். ஒருவனுக்கு, ஒரு இரவில், ஒரு நம்பிக்கையில் சொன்ன ‘சரி’, ஊரிலுள்ள அத்தனை செல்பேசிகளுக்கும் சொன்னதாகிவிடுகிறது.

1979இல் உபேந்திர பக்ஷி, லோதிகா சர்க்கார், வசுதா தாகம்வார், ரகுநாத் கேல்கர் என்ற நான்கு சட்டப் பேராசிரியர்கள் உச்ச நீதிமன்றத்துக்கு ஒரு திறந்த மடல் எழுதினார்கள். பணிந்துபோவதும் இசைவதும் ஒன்றல்ல என்பது அதன் மையம். 1980 மார்ச் 8 அன்று பல நகரங்களில் பெண்கள் தெருவுக்கு வந்தார்கள். 1983இல் சட்டம் திருத்தப்பட்டது. காவலில் நடக்கும் வல்லுறவு தனிக் குற்றமானது. பாதிக்கப்பட்டவரின் பெயரை வெளியிடுவதைத் தடைசெய்யும் 228-ஏ பிரிவும் அப்போது வந்ததுதான். அந்தப் பிரிவை நினைவில் வையுங்கள், பொள்ளாச்சிக்கு வரும்போது தேவைப்படும்.

ஒரு படத்துக்கு ஏன் இவ்வளவு வலு? இதற்கு விடை தேட 1916க்குப் போக வேண்டும். அந்த ஆண்டு மே 9 அன்று, 25 வயது அம்பேத்கர் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் சாதிகள் பற்றி ஒரு கட்டுரை வாசித்தார். சாதியின் சாரம் அகமணம், சாதிக்குள்ளேயே மணம் முடிக்கும் முறைதான் என்றார். அந்த வேலியைக் காக்கப் பெண்ணின் உடல்மீது போடப்பட்ட ஏற்பாடுகளே உடன்கட்டையும் கட்டாய விதவைக்கோலமும் குழந்தை மணமும் என்று காட்டினார். சமூகவியல் வகுப்பில் இதைச் சாதித் தோற்றம் பற்றிய கோட்பாடாகப் படித்து மதிப்பெண் வாங்கிவிட்டோம். களத்தில் வேலை செய்யும்போதுதான் இது பாலியல் வன்முறை பற்றிய கட்டுரையும்கூட என்பது புரிகிறது. ‘உன் அப்பாவுக்கு அனுப்பிவிடுவேன்’ என்று ஒருவன் சொன்னால், தண்டிக்கப் போவது அவனல்ல. அப்பா, சித்தப்பா, ஊர். அவன் அனுப்பும் பொத்தானை மட்டும் அழுத்துகிறான். மீதி வேலையைச் செய்ய ஒரு சமூகமே காத்திருக்கிறது. மகளின் படம் வெளியானால் ‘யார் அவன், அவனைப் பிடி’ என்று மட்டும் கேட்கும் வீட்டில் அந்த மிரட்டல் செல்லாக் காசு. அப்படிப்பட்ட வீடுகள் எத்தனை?

மிரட்டல் எடுத்த எடுப்பில் படத்தில் தொடங்குவதும் இல்லை. விடுதி மாணவிகளோடு பேசும்போது திரும்பத் திரும்ப வரும் வரிசை இது: முதலில் இன்ஸ்டாகிராம் பாஸ்வேர்டு. ‘நமக்குள் என்ன ஒளிவுமறைவு?’ பிறகு லொகேஷன் பகிர்வு. பிறகு வாட்ஸ்ஆப்பில் கடைசியாக எப்போது இருந்தாய், இரவு 11.40க்கு யாரோடு பேசினாய். வகுப்பில்தான் இருக்கிறாய் என்றால் வீடியோ காலில் காட்டு. அவனை பிளாக் செய், அவளோடு சேராதே. இவ்வளவும் ‘அக்கறை’ என்ற பெயரில் நடக்கிறது. சினிமாவும் இதை அக்கறை என்றே பல காலமாகச் சொல்லிக்கொடுத்திருக்கிறது. அவள் விலக முடிவெடுக்கும் நாளில்தான் ஸ்க்ரீன்ஷாட்டுகள் வெளியே வருகின்றன. அதுவரை நடந்ததைக் கொடுமை என்று அவளே கருதியிருக்க மாட்டாள். கண்காணிப்பு என்பது வீட்டில் அண்ணன் செய்ததுதானே, இப்போது காதலன் செய்கிறான், அவ்வளவுதான்.

சட்டம் இதை எப்படிப் பார்த்தது? நெடுங்காலம் பார்க்கவே இல்லை. 1998இல் சென்னையில் கல்லூரி மாணவி ஒருவர் சீண்டலுக்கு உள்ளாகி இறந்தார். அதன் பிறகு தமிழ்நாடு அரசு ‘ஈவ் டீசிங்’ தடைச் சட்டத்தைக் கொண்டுவந்தது. 2002இல் அது பெண்களுக்கு எதிரான துன்புறுத்தல் தடைச் சட்டம் என்று பெயர் மாறியது. அந்தச் சட்டத்தின் கண்ணில் இருந்தவன் பேருந்திலும் தெருமுனையிலும் நிற்கும் அந்நியன். தெரிந்தவன், நேசித்தவன், சொந்தக்காரன் அந்தக் கற்பனையில் இல்லை. இணைய வழித் துன்புறுத்தலையும் சேர்க்கும் திருத்தம் சட்டமன்றத்தில் நிறைவேற 2025 ஜனவரி வரை ஆனது.

2000இல் வந்த தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 67ஆம் பிரிவுக்கு ஆபாசம் மட்டுமே தெரியும். 2004இல் டெல்லியில், பள்ளி மாணவன் ஒருவன் உடன் படித்த மாணவியைச் செல்பேசியில் எடுத்த காட்சி எம்எம்எஸ்ஸில் பரவி, பாஸி டாட் காம் என்ற விற்பனைத் தளத்தில் விலைக்கு வந்தது. ஐஐடி மாணவர் ஒருவரும், அந்தத் தளத்தின் தலைமை அதிகாரியும் கைதானார்கள். நாடே பேசிய வழக்கு. ஆனால் அந்தப் பேச்சு எதைப் பற்றி? கேமரா செல்பேசியைத் தடைசெய்யலாமா, தளத்தை நடத்துபவருக்குப் பொறுப்பு உண்டா, சமூகத்தின் ஒழுக்கம் கெடுகிறதா. அந்தச் சிறுமி பரப்புவதற்கு இசைந்தாரா என்ற கேள்விக்கு அன்றைய சட்டத்தில் இடமே இல்லை. ஆபாசச் சட்டத்தின்படி பாதிக்கப்பட்டவர் பார்ப்பவர், காட்டப்படுபவர் அல்ல.

2009 அக்டோபரில் நடைமுறைக்கு வந்த திருத்தத்தின் 66-இ பிரிவில்தான் ‘அவருடைய இசைவின்றி’ என்ற நிபந்தனை எட்டிப் பார்க்கிறது. கூடவே வந்த 67-ஏ பழைய வழியிலேயே நின்றது: பாலியல் வெளிப்படையான எதையும் மின்வழியில் அனுப்புவது குற்றம், இசைவு பற்றிப் பேச்சில்லை. ‘புகார் கொடுத்தால் நீயும் உள்ளே போவாய்’ என்று சில நிலையங்களில் பெண்களைப் பயமுறுத்தித் திருப்பி அனுப்புகிறார்களே, அந்தப் பயமுறுத்தல் தங்கியிருப்பது இந்த ஓட்டையில்தான்.

உண்மையான திருப்பம் 2013. டெல்லியில் 2012 டிசம்பரில் நடந்த கொடூரத்துக்குப் பின் வர்மா குழு அமைந்து, தண்டனைச் சட்டம் திருத்தப்பட்டது. 354-டி பின்தொடர்தலைக் குற்றமாக்கியது. ஒரு பெண்ணின் இணையம், மின்னஞ்சல், பிற மின்னணுத் தொடர்புகளைக் கண்காணிப்பதும் அதில் அடங்கும். 354-சியின் இரண்டாவது விளக்கத்தை நான் போகிற பயிற்சிகளில் எல்லாம் மாணவர்களை உரக்கப் படிக்கச் சொல்வேன். அதன் பொருள் இது: படமெடுக்க ஒரு பெண் இசைந்திருந்தாலும், பிறருக்குப் பரப்ப இசையவில்லை என்றால், பரப்பியது குற்றம். மதுராவிடம் கேட்கப்பட்ட கேள்விக்குச் சட்டம் பதில் சொல்ல 41 ஆண்டுகள் பிடித்தன. இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவில் இவை 77, 78ஆம் பிரிவுகள். குறை இல்லாமல் இல்லை. முதல் முறை பின்தொடர்ந்தால் ஜாமீனில் வரக்கூடிய குற்றம்தான். புகார் கொடுத்த மாலையே அவன் வெளியே நிற்பான்.

டெல்லி தெருவில் இறங்குவதற்கு ஒரு மாதம் முன்பு இங்கே என்ன நடந்தது? 2012 நவம்பர் 7, தருமபுரி. ஒரு சாதி மறுப்புத் திருமணத்தைக் காரணம் காட்டி நத்தம், கொண்டம்பட்டி, அண்ணாநகர் சேரிகளில் 250க்கும் மேற்பட்ட வீடுகள் எரிக்கப்பட்டன. ஜீன்ஸும் டி-சர்ட்டும் கூலிங் கிளாஸும் போட்டுக்கொண்டு தலித் இளைஞர்கள் பெண்களை மயக்குகிறார்கள் என்று பாமக நிறுவனர் ராமதாஸ் பேசிய காலம் அது. ‘நாடகக் காதல்’ என்ற சொல் அப்போதுதான் மேடைக்கு மேடை ஏறியது. 2015 ஜூனில் திருச்செங்கோட்டில் கோகுல்ராஜ் ஆதிக்கச் சாதிப் பெண்ணோடு பேசிக்கொண்டிருந்ததற்காகக் கடத்திக் கொல்லப்பட்டார். கொலைக்கு முன், தானே சாகப் போவதாக அவரையே பேசவைத்துச் செல்பேசியில் பதிவு செய்தார்கள். தேடப்பட்டுக்கொண்டிருந்த யுவராஜ் வாட்ஸ்ஆப் குரல் பதிவுகளில் சவால் விட்டுக்கொண்டிருந்தார். 2022 மார்ச்சில் ஆயுள் தண்டனை வந்தது. காதலர்கள் சேர்ந்திருக்கும் படம், அழைப்புப் பட்டியல், கட்டாயப்படுத்தி எடுத்த வீடியோ என்று செல்பேசியைச் சாதியின் ஆயுதமாக முதலில் நன்றாகப் பழகிக்கொண்டவர்கள் யார் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

தலித் பெண்ணின் நிலைமை இதில் வேறு. ஆதிக்கச் சாதிப் பையன் ரகசியமாகப் பழகுவான். வீட்டுக்குத் தெரியக் கூடாது, வெளியில் தோழி என்றுகூடச் சொல்லக் கூடாது. கல்யாணப் பேச்சு வந்ததும் சாதி நினைவுக்கு வரும். அவள் தட்டிக் கேட்டால், கையில் படம் இருக்கிறது. இந்த இடத்துக்கு உதவும் சட்டம் நம் கையில் இருந்தும் பலர் எடுப்பதில்லை.

2016 ஜனவரி 26 முதல் நடைமுறைக்கு வந்த வன்கொடுமைத் தடுப்புத் திருத்தச் சட்டம், 354-சி, 354-டி இரண்டையும் தன் அட்டவணையில் சேர்த்துக்கொண்டது. பாதிக்கப்பட்டவர் பட்டியல் சாதி அல்லது பழங்குடி என்று தெரிந்தே தலித் அல்லாத ஒருவர் செய்தால், 3(2)(விஏ) பிரிவு சேரும். முன்ஜாமீன் எளிதில் கிடைக்காது, விசாரணை டிஎஸ்பி நிலையில் நடக்க வேண்டும், நிவாரணமும் உண்டு. ‘அவள் என்ன சாதி என்று எனக்குத் தெரியாது’ என்பதுதான் இந்த வழக்குகளில் வழக்கமான தப்பிப்பு. அதையும் 8(சி) பிரிவு அடைக்கிறது: பாதிக்கப்பட்டவரையோ அவர் குடும்பத்தையோ தனிப்பட அறிந்தவர் என்றால், மறுத்து நிரூபிக்கும்வரை சாதியும் அறிந்தவர் என்றே நீதிமன்றம் அனுமானிக்கும். இரண்டு வருடம் காதலித்தவன் எப்படித் தெரியாது என்பான்? இன்னொன்று. இசைவின்றிப் பாலியல் நோக்கில் தொடுவதைக் குற்றமாக்கும் 3(1)(டபிள்யூ) பிரிவின் விளக்கம், எதிர்க்கவில்லை என்பதாலேயே இசைந்ததாகாது, குற்றவாளியோடு முன்பு இருந்த பாலியல் உறவுகூட இசைவுக்குச் சான்றாகாது என்கிறது. மதுரா தீர்ப்பின் ஒவ்வொரு வரிக்கும் மறுப்பு போலவே இருக்கிறது. தலித், பழங்குடி அமைப்புகள் ஆண்டுக்கணக்கில் போராடிப் பெற்ற திருத்தம் அது.

ஏட்டில் இது. அதே 2016 ஜூனில் சேலம் மாவட்டம் இளம்பிள்ளை பகுதியில் 21 வயதுப் பெண்ணின் முகத்தை மார்ஃபிங் செய்து ஃபேஸ்புக்கில் போட்டான், அவர் நிராகரித்த ஒருவன். தந்தை புகார் கொடுத்தார். நடவடிக்கை தாமதமானது, காவலர் ஒருவர் செல்பேசியை லஞ்சமாகப் பெற்றார் என்ற குற்றச்சாட்டு எழுந்தது. அந்தப் பெண் உயிரை விட்டார். மாவட்டக் காவல் கண்காணிப்பாளர் வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டார். அந்தப் படம் பொய். பொய்ப் படத்துக்கும் உண்மைப் படத்துக்கும் தண்டனை ஒன்றாகவே இருந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். படத்தில் இருப்பது என்ன என்பது ஊருக்கு முக்கியமே இல்லை.

முடியாதது ஒன்றுமில்லை என்பதற்கும் சான்று உண்டு. மேற்கு வங்கத்தின் தம்லுக் நீதிமன்றம் 2018 மார்ச்சில், உறவை முறித்த பெண்ணின் படங்களை ஆபாசத் தளத்தில் ஏற்றிய பொறியியல் மாணவருக்கு 5 ஆண்டுச் சிறை கொடுத்தது. இந்தியாவில் இத்தகைய பழிவாங்கலுக்கான முதல் தண்டனையாகச் சொல்லப்படுவது இதுதான். ஓர் ஆண்டுகூட ஆகவில்லை வழக்கு முடிய. பாதிக்கப்பட்டவரை வல்லுறவுக்கு உள்ளானவருக்கு இணையாகக் கருதி இழப்பீடு தர வேண்டும் என்றும் சொன்னது.

இனி பொள்ளாச்சி. 2019 பிப்ரவரியில் ஒரு கல்லூரி மாணவி துணிந்து புகார் கொடுத்தார். பழகி, நம்பவைத்து, தனியே வரவழைத்து, வீடியோ எடுத்து மிரட்டும் ஒரு கும்பல் வெளியே வந்தது. புகார் கொடுத்த பெண்ணின் அடையாளத்தைக் காவல் கண்காணிப்பாளரே செய்தியாளர்களிடம் சொன்னார். வழக்கை சிபிஐக்கு மாற்றிய அரசாணையிலும் பெயர் இருந்தது. 1983இல் வந்த சட்டம் 36 ஆண்டுகளுக்குப் பிறகும் அதிகாரிகளின் மேசையை எட்டவில்லை. மதுரைக் கிளை 25 லட்சம் ரூபாய் இழப்பீடு தரச் சொன்னது. வழக்கில் வராத பெண்கள் எத்தனை பேர், அந்த அரசாணையைப் பார்த்து வாயை மூடிக்கொண்டவர்கள் எத்தனை பேர் என்று யாரும் கணக்கெடுக்க முடியாது. வந்தவர்கள் நின்றார்கள். 2025 மே 13 அன்று கோவை மகளிர் நீதிமன்றம் 9 பேருக்கும் சாகும்வரை ஆயுள் தண்டனை விதித்தது. அவர்கள் மிரட்டுவதற்காகச் சேர்த்து வைத்திருந்த பதிவுகளே அவர்களுக்கு எதிரான சாட்சியமாயின.

228-ஏ வல்லுறவுக் குற்றங்களுக்கானது. படம் கசிந்த வழக்குகளை அது நேரடியாகத் தொடுவதில்லை. இந்த இடைவெளி எதில் கொண்டுபோய் விடும் என்பது அதே 2025 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றத்தில் தெரிந்தது. கல்லூரிக் காலக் காதலன் தெரியாமல் எடுத்த காட்சிகள் பல தளங்களில் பரவியதை நீக்கக் கோரி ஒரு பெண் வழக்கறிஞர் வந்திருந்தார். முதல் தகவல் அறிக்கையில் அவர் பெயர் இருந்தது. ஆண் காவலர்கள் பலர் கூடியிருந்து, அவரை வைத்துக்கொண்டே அந்தக் காட்சியைப் பார்த்திருந்தார்கள். நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் அதைக் கண்டித்து, காட்சிகளை நீக்க மத்திய அரசுக்கு உத்தரவிட்டார். சட்டம் தெரிந்த வழக்கறிஞருக்கே இது. பிளஸ் டூ படிக்கும் பெண்ணுக்கு?

18 வயதுக்குள் என்றால் சிக்கல் இன்னும் முறுகும். போக்சோ சட்டத்துக்கு இளவயதுக் காதல் தெரியாது. ஒரே வகுப்புப் பிள்ளைகள் மனமொத்துப் பழகியதும் அங்கே குற்றம்தான். பையன் தலித், பெண் ஆதிக்கச் சாதி என்றால் பெற்றோர் கையில் எடுக்கும் முதல் ஆயுதமும் அதுதான். 2012இல் எரித்தார்கள், இப்போது எப்ஐஆர் போடுகிறார்கள். இளவயதுக் காதலைத் தண்டிக்க வந்த சட்டமல்ல இது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2021இல் ஒரு வழக்கை ரத்து செய்தபோது சொன்னது. இதன் மறுபக்கம் பேசப்படுவதில்லை: உண்மையிலேயே மிரட்டப்படும் 17 வயதுப் பெண், ‘அவனை ஜெயிலில் போடுவார்கள், என் படிப்பை நிறுத்துவார்கள்’ என்று எதையுமே சொல்வதில்லை.

கடைசியாக நம் வீட்டுக்கு வருவோம். இதை எழுதினால் சிலருக்குக் கோபம் வரும். மாணவர் அமைப்பு ஒன்றில் நன்றாகப் பேசக்கூடிய ஒரு தோழர், தன்னை விட்டு விலகிய தோழியின் உரையாடல்களை ஸ்க்ரீன்ஷாட் எடுத்து அமைப்பின் குழுவிலேயே போட்டார். இருவரும் தலித்துகள். அந்தத் தோழி முறையிட்டபோது மூத்தவர் ஒருவர் சொன்னது: “இப்ப இத வெளிய கொண்டுபோனா நாடகக் காதல்னு பேசுறவனுக்குத்தான்மா லாபம்.” அந்தத் தோழி இப்போது எந்தக் கூட்டத்துக்கும் வருவதில்லை. அவர் மேடையில் பேசிக்கொண்டிருக்கிறார். நாடகக் காதல் என்பது ஒரு சாதிவெறிப் பொய். அந்தப் பொய்யை மறுப்பதற்கு நம் பெண்களின் வாயைப் பூட்ட வேண்டும் என்றால், பொய் சொன்னவர்களுக்கு நாமே வேலை செய்கிறோம். 1942இல் நாக்பூரில் கூடிய ஒடுக்கப்பட்ட பெண்கள் மாநாட்டில், கணவனுக்குத் தோழியாக, சமமானவளாக இரு, அடிமையாக இருக்க மறு என்று அம்பேத்கர் சொன்னது எதிரிச் சாதி வீட்டுப் பெண்களைப் பார்த்து அல்ல. எதிரே உட்கார்ந்திருந்த நம் பாட்டிகளைப் பார்த்து.

இப்போது இந்தச் சிக்கலில் இருக்கிறவர்கள் யாராவது இதைப் படித்துக்கொண்டிருந்தால்: உரையாடலை அழிக்காதீர்கள், அதுதான் சாட்சியம். அவருடைய கணக்கின் பெயரும் தேதியும் தெரியும்படி ஸ்க்ரீன்ஷாட் எடுத்து நம்பிக்கையான ஒருவரிடம் கொடுத்து வையுங்கள். 2021 விதிகளின்படி, புகார் கிடைத்த 2 மணி நேரத்துக்குள் அந்தரங்கப் படத்தை நீக்க நிறுவனம் நடவடிக்கை எடுத்தாக வேண்டும். மார்ஃபிங் செய்ததும் இதில் அடக்கம். 18 வயதைக் கடந்தவர்கள் ‘ஸ்டாப் என்சிஐஐ’ தளத்தில் படத்தை யாருக்கும் அனுப்பாமலே அதன் மின்கைரேகையை மட்டும் பதிந்து, அதில் இணைந்த தளங்களில் பரவாமல் தடுக்கலாம். தேசிய சைபர் குற்றப் புகார் தளத்தில் பெயர் சொல்லாமலும் புகார் பதியலாம். பெண்கள் உதவி எண் 181, குழந்தைகளுக்கு 1098. நிலையத்துக்குப் போவதானால் தனியாகப் போகாதீர்கள். நீங்கள் தலித், அவர் தலித் அல்லாதவர் என்றால் சாதிச் சான்றிதழின் நகலையும் எடுத்துக்கொண்டு போங்கள். வன்கொடுமைத் தடுப்புச் சட்டப் பிரிவைச் சேர்த்திருக்கிறார்களா என்று எப்ஐஆர் நகலை வாங்கிப் படித்துப் பாருங்கள். அந்த நகலை இலவசமாகப் பெறுவது உங்கள் உரிமை.